நிலவில் பட்டை அடிக்கும் பெண்

பசிபிக் தீவுக்கூட்டமான சமோவாவில் ஒரு பஞ்ச காலம். சினா என்றொரு பெண் அந்தி நேரத்தில் வாசலில் உட்கார்ந்து துணிக்காக மரப்பட்டை அடித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் பசியோடு பிள்ளை. கிழக்கே முழுநிலவு எழும்புகிறது, நன்றாக முற்றிய ஈரப்பலாக்காய் மாதிரி. அலுப்பில் அவள் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறாள்: "நீ கொஞ்சம் இறங்கி வந்தால்தான் என்ன? என் பிள்ளை உன்னை ஒரு கடி கடித்துக்கொள்ளட்டுமே!" நிலவுக்கு வந்ததே கோபம். இறங்கி வந்து அவளை, பிள்ளையை, அவள் கையிலிருந்த கொட்டாப்புளியை, அடிகட்டையை என்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு மேலே போய்விட்டது. நிலவில் தெரியும் கறை அவளும் அவள் சாமான்களும்தான் என்பது சமோவாக் கதை.

வடை சுடும் பாட்டியை நிலவில் பார்த்து வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஆனால் நம் பாட்டி ஏன் வடை சுடுகிறாள், எண்ணெய்க்கு என்ன செய்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை. சினாவின் கதையில் பஞ்சம் இருக்கிறது, பசித்த பிள்ளை இருக்கிறது, இருட்டும்வரை முடியாத வேலை இருக்கிறது. நிலவு அவளைத் தூக்கிக்கொண்டு போகும்போது கருவிகளையும் மறக்காமல் எடுத்துப்போகிறது. அங்கே போயும் ஓய்வு கிடையாது!

நான் குடியிருப்பது ஆக்லாந்தின் தெற்குப் பக்கம். மாங்கெரே, ஓத்தாஹூஹூ, ஓத்தாரா பகுதிகளில் தமிழ்க் கடைக்குப் போனாலும் சமோவாக்காரர்களும் டோங்காக்காரர்களும்தான் முன்னும் பின்னும் வரிசையில் நிற்பார்கள். இவர்களோடு பழகப் பழக, பொலினீசியக் கைவினை என்றால் முறைத்துப் பார்க்கும் மரபொம்மையும் ஹூலா பாவாடையும் என்று சுற்றுலாக் கடைகள் சொல்லிக்கொடுத்ததெல்லாம் உதிர்ந்துபோயிற்று. அதற்குப் பதிலாக மனதில் உட்கார்ந்தது, பட்டையை அடித்து விரித்துச் செய்யும் துணியான மரவுரி. அந்த மரவுரியைச் சுற்றி இருக்கும் கதைகளைத் தேடிக் கேட்கக் கேட்க எனக்கு ஒரு விஷயம் உறுதியாயிற்று. இவற்றைக் கடவுள் கதைகள் என்று புத்தகங்கள் வகைப்படுத்தினாலும், கட்டையை வைத்து அடித்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையின் நடுவே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட முறையீடுகள்தான் இவை. கை வலி, வெயில் பற்றாக்குறை, சத்தம் போடாதே என்று அதட்டும் பெரிய மனிதர்கள், உதவிக்கு வராத புருஷன் எல்லாம் இவற்றில் உண்டு.

தாஹித்தியில் இதே பெண் ஹினா. அங்கே அவள் கட்டைச் சத்தம் மூத்த கடவுளான தாரோவாவின் காதில் விழுகிறது. நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்புகிறார். ஹினா மாட்டேன் என்கிறாள். மறுபடி ஆள் வருகிறது, மறுபடி மாட்டேன். கடைசியில் வந்தவன் அவள் கட்டையைப் பிடுங்கி அவள் தலையிலேயே ஒன்று போட்டுவிடுகிறான். உடல் இங்கே கிடக்க, ஆவி நிலவுக்குப் போய் அங்கே தொடர்ந்து அடிக்கிறது. கடவுளே வந்து சொன்னாலும் பாதியில் நிறுத்த முடியாது என்று இவள் ஏன் பிடிவாதம் பிடித்தாள் என்பது, பட்டை அடிப்பதை நேரில் பார்த்தவர்களுக்குப் புரியும். ஊறவைத்த பட்டை காய்ந்துவிட்டால் அப்புறம் விரியாது. எடுத்ததை முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

ஹவாய்க்குப் போனால் புகார் இன்னும் வெளிப்படை. அங்கே ஹினா, ஐகானகா என்பவனின் மனைவி. ஓயாத பட்டை வேலையில் வெறுத்துப்போய் வீட்டை விட்டே கிளம்புகிறாள். ஒரு வடிவத்தில், வானவில்லைப் பாதையாக வைத்து முதலில் சூரியனுக்கு ஏறப் பார்க்கிறாள், சூடு தாங்கவில்லை. சரி, நிலவுக்குப் போகலாம் என்று திரும்புகிறாள். ஏறும்போது புருஷன் பாய்ந்து காலைப் பிடிக்கிறான். பாதம் அவன் கையோடு வந்துவிடுகிறது, அவள் நொண்டிக்கொண்டே போய்ச் சேர்கிறாள்.

அதே ஹவாயில் இன்னொரு ஹினா, பொலினீசியக் கதைகளின் வீரனான மாவியின் தாய். சூரியன் அவசர அவசரமாக ஓடிவிடுவதால் விரித்துப்போட்ட கப்பா காயவே மாட்டேன் என்கிறது என்று மகனிடம் புலம்புகிறாள். கப்பா என்பது ஹவாயில் மரவுரிக்குப் பெயர். மாவி கயிறு திரித்துக்கொண்டு 3,055 மீட்டர் உயர ஹலேயாகலா மலையில் ஏறி, உதிக்கும் சூரியனின் கால்களை ஒவ்வொன்றாகச் சுருக்குப் போட்டுப் பிடிக்கிறான். உயிர்ப்பிச்சை கேட்ட சூரியனோடு ஒப்பந்தம் ஆகிறது: வருஷத்தில் பாதி நாள் மெதுவாகப் போக வேண்டும், மீதி நாள் இஷ்டம்போல ஓடலாம். மாவி சூரியனைப் பிடித்த கதை பசிபிக் முழுக்க உண்டு. ஆனால் ஹவாய்க் கதையில் அவன் சூரியனையே கட்டிப்போட்டது அம்மாவின் துணி காயவில்லை என்பதற்காக. கோடையில் பகல் ஏன் நீளம் என்ற கேள்விக்குக் கொடிக்கயிற்றிலிருந்து பதில் சொன்ன ஆள் நிச்சயம் ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது வேலைக்கு வருவோம். நான் கொஞ்சம் அருகில் பார்த்தது டோங்கா முறையை, அதனால் அதையே சொல்கிறேன். செடி பேப்பர் மல்பெரி, டோங்காவில் ஹியாப்போ. ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் ஆளுயரத்தைத் தாண்டிக் கட்டைவிரல் பருமனுக்கு மேல் வந்ததும் வெட்டுவார்கள். அதுவரை சும்மா வளரவிட முடியாது. பக்கத்துளிர்களைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கிளை விட்ட இடத்தில் பட்டையில் ஓட்டை விழும், அது துணியிலும் ஓட்டையாக வந்து நிற்கும். வெட்டிய தண்டிலிருந்து பட்டையை நீளமாக உரித்து, மேலே இருக்கும் பழுப்புத் தோலைச் சுரண்டி எடுத்தால் வெள்ளையாக உள்நார் கிடைக்கும். அதைக் காயவைத்து, வேலைக்கு முன் ஊறவைத்து, துத்துவா என்ற நீண்ட மரக்கட்டைமேல் வைத்து இக்கே என்ற நாற்பக்கக் கொட்டாப்புளியால் அடிக்கிறார்கள். பள்ளக்கோடுகள் வெட்டிய பக்கத்தால் முதலில், வழுவழுப்பான பக்கத்தால் கடைசியில். சில விரல் அகல நார் பல மடங்கு அகலமாக விரியும். நெசவு கிடையாது, தறி கிடையாது, நூலே கிடையாது.

துத்துவாவின் இரு முனைக்கும் கீழே முட்டுக் கொடுத்து நடுவில் இடைவெளி விட்டிருப்பார்கள். அதனால்தான் அந்தச் சத்தம். மரம் அப்படியே அதிர்ந்து ஒலிக்கும். டோங்காவில் ஒரு கிராமத்து வழியாக நடந்தபோது அதைக் கேட்டேன். ஒரு வீட்டில் ஒருத்தி, இன்னொரு வீட்டில் இரண்டு பேர் மாற்றி மாற்றி. ஒரு பாட்டி இக்கேயை என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். தூக்குவது பெரிய காரியமில்லை. ஒரே சீராக, நாரைக் கிழிக்காமல், பிற்பகல் முழுக்கத் தூக்குவதுதான் காரியம். பாட்டியின் முன்கை எனக்கு இல்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது, அவருக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது. டோங்காவின் அரசியல் சட்டமே ஞாயிற்றுக்கிழமையைப் புனித நாள் என்கிறது, அன்று வேலை கூடாது. வாரத்தில் ஒரு நாள் ஊர் அமைதியாக இருப்பது தாரோவாவின் ஆள் கடைசியில் ஜெயித்த மாதிரிதான்.

அடித்த தாள்களை ஒட்டிப் பெரிதாக்குவது தனியாளின் வேலை இல்லை. பெண்கள் கூட்டமாக ஒரு நீண்ட, அரைவட்ட முதுகுள்ள மேசைக்கு இருபுறமும் உட்காருவார்கள். இந்தக் கூட்டு வேலைக்குக் கொக்காஆங்கா என்று பெயர். மேசைமேல் குப்பேசி எனப்படும் அச்சுகள். தென்னங்கீற்று ஈர்க்குகளைக் கோலம்போல வளைத்துத் தைத்தவை. அதன்மேல் ஒரு அடுக்குத் தாள், குறுக்காக இன்னொரு அடுக்கு, நடுவில் அரைவேக்காட்டு மரவள்ளிக்கிழங்கைத் தேய்த்த பசை. மேலே சாயத்துணியால் அழுத்தித் தேய்த்தால் அடியிலிருக்கும் அச்சின் கோடு பழுப்பாக எழும்பும். சாயம் கொக்கா மரத்தின் பட்டையிலிருந்து வருகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் மரம் அது. அலையாத்தி மரப்பட்டையிலிருந்தும் ஒரு சிவப்பு எடுப்பார்கள். ஒரு கட்டம் முடிந்ததும் துணியை நகர்த்தி அடுத்த கட்டம். கட்டங்களுக்கு ஓரத்தில் எண் எழுதிக்கொண்டே போவார்கள். ஐம்பது கட்டம் சேர்ந்தால் லௌநிமா, கிட்டத்தட்ட 22 மீட்டர் நீளம். முழுதும் முடிந்த துணிக்கு ஙாத்து என்று பெயர்.

அச்சில் என்னென்ன வரும் தெரியுமா? பறவைகள், பூக்கள், அரண்மனைக்குப் போகும் பாதையின் பைன் மர வரிசை, அரச முத்திரை. இரண்டாம் உலகப்போரில் டோங்கா மக்கள் பணம் திரட்டி பிரிட்டனுக்கு ஸ்பிட்ஃபயர் போர் விமானம் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த விமானமும் ஙாத்துவில் வந்தது. பழமை மாறாத கலை என்று இதைப் பற்றி யாராவது எழுதினால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். இந்தப் பெண்கள் கண்ணில் பட்டதையெல்லாம் அச்சாக்கியிருக்கிறார்கள்.

நமக்கு மரவுரி என்றதும் கைகேயியும் காட்டுக்குக் கிளம்பும் ராமனும்தான் நினைவுக்கு வருவார்கள். அரசைத் துறந்தவன் உடுத்துவது. டோங்காவில் நேர்தலைகீழ். அரசர் நடக்கும் பாதையில் விரிப்பது மரவுரி, திருமணத்தில் அடுக்குவது மரவுரி, சாவு வீட்டில் உடலுக்கு அடியில் போடுவது மரவுரி. பெண்கள் செய்யும் ஙாத்துவும் தாழைப் பாயும் சேர்ந்ததுதான் கொலோவா, அதாவது குடும்பத்தின் செல்வம். ஆண்கள் விளைவிக்கும் கிழங்கும் பன்றியும் ஒரு படி கீழேதான்.

வெலிங்டனில் உள்ள தெ பாப்பா அருங்காட்சியகத்தில் ஒரு லௌநிமா இருக்கிறது. 1953-இல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டை ஒட்டி டோங்காவில் செய்தது. டோங்கா அரசி சாலோட்டே 1965 டிசம்பரில் ஆக்லாந்தில் காலமானபோது, உடலைத் தாயகம் கொண்டுபோன விமானத்தில் பெட்டிக்கு அடியில் விரித்திருந்ததும் இதுதான். பிறகு அந்த விமானத்தை ஓட்டிய நியூசிலாந்துக்காரருக்கே அதைப் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். கொண்டாட்டத்துக்குச் செய்தது, துக்கத்துக்கு விரித்தது, முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போனது. ஙாத்து இப்படிக் கைமாறிக்கொண்டே இருக்க வேண்டிய பொருள். கண்ணாடிக்குப் பின்னால் மாட்டிவிட்டால் அதன் வேலை பாதி நின்றுபோகிறது என்பது என் எண்ணம், அருங்காட்சியகக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

செடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேப்பர் மல்பெரி பசிபிக் தீவுகளின் சொந்தச் செடி இல்லை. 2015-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, தீவுகளில் வளரும் செடிகளின் பூர்வீகத்தைத் தெற்குத் தைவான்வரை கொண்டுபோய் நிறுத்தியது. இன்னொரு வேடிக்கை, தீவுகளில் இருப்பவை பெரும்பாலும் பெண் செடிகள். விதை கிடையாது, வேரிலிருந்து வரும் துளிரைப் பெயர்த்து நட்டால்தான் உண்டு. பறவை கொண்டுவந்து போட்டிருக்காது, கடல் மிதக்க வைத்துக் கொண்டுவந்திருக்காது. ஒவ்வொரு தீவிலும் இருக்கும் செடிக்கும் முன்னால் ஒரு படகு, அதில் ஈரம் காயாமல் துளிரைப் பொத்திக் கொண்டுவந்த ஒரு கை இருந்திருக்கிறது.

ஹவாயில் செடிக்குத் தனிக் கதை உண்டு. மைக்கோஹா என்பவன் சாகும் தறுவாயில், தன்னை ஓடைக்கரையில் புதைக்கச் சொல்லி மகள்களிடம் கேட்டுக்கொள்கிறான். புதைத்த இடத்தில் செடி முளைக்கிறது. மகள்கள் லௌஹுகியும் லாஆஹனாவும் கப்பாத் தொழிலின் காவல் தெய்வங்கள் ஆகிறார்கள், ஒருத்தி அடிப்பவர்களுக்கு, இன்னொருத்தி வடிவம் போடுபவர்களுக்கு. ஓடைக்கரை என்று கதை குறிப்பாகச் சொல்வதைக் கவனியுங்கள். ஈரம் இருக்கும் இடத்தில் நடு என்ற விவசாயக் குறிப்பை இதைவிடப் பத்திரமாக எப்படிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது?

சத்தத்தோடு தொடர்புள்ள இன்னொரு கலை இருக்கிறது, பச்சை குத்துவது. சமோவாவில் சீப்பு மாதிரிப் பற்கள் உள்ள கருவியைத் தோல்மேல் வைத்து இன்னொரு குச்சியால் தட்டுவார்கள். ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால்வரை, பேயா என்று பெயர். பாதியில் விட்டுவிட்டால் ஆயுளுக்கும் அவமானம். இதன் கதையிலும் பெண்கள்தான். தாயமா, திலாஃபைங்கா என்ற இரட்டைச் சகோதரிகள் பிஜியில் கலையைக் கற்றுக்கொண்டு, "பெண்ணுக்குக் குத்து, ஆணுக்கு வேண்டாம்" என்று பாடிக்கொண்டே சமோவாவுக்கு நீந்தி வருகிறார்கள். கரைக்குக் கொஞ்சம் முன்னால் கடலடியில் ஒரு பெரிய சிப்பி. ஆசைப்பட்டு மூழ்கி எடுத்துவிட்டு மேலே வந்தால் பாட்டு தலைகீழாகிவிட்டது: "ஆணுக்குக் குத்து, பெண்ணுக்கு வேண்டாம்." எனக்கு மிகவும் பிடித்த கதை இது. பிஜியில் மரபாகப் பச்சை குத்திக்கொண்டவர்கள் பெண்கள்தான். இரண்டு தீவுக் கூட்டங்களின் வழக்கம் ஏன் எதிரெதிர் என்பதை ஒரு சிப்பியில் முடித்துவிட்டார்கள். பாட்டையும் சமோவாப் பெண்கள் முழுதாகக் கேட்கவில்லை. தொடையிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை மாலு என்ற மெல்லிய வடிவத்தை அவர்களும் குத்திக்கொள்கிறார்கள்.

நியூசிலாந்தில் மட்டும் மரவுரி தோற்றுப்போயிற்று. இங்கத்திய பூர்வகுடிகளான மாவோரிகளின் முன்னோர் செடியைக் கொண்டுவந்தார்கள், ஆனால் இந்தக் குளிரில் அது தழைக்கவில்லை. 1769-இல் ஆங்கிலக் கடலோடி ஜேம்ஸ் குக்கோடு வந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்கு வடக்கே ஒரு விரிகுடாவில் சில செடிகளைப் பொக்கிஷம் மாதிரிக் காட்டியிருக்கிறார்கள். காதுக்கு அணிய ஒரு துண்டு செய்யும் அளவுக்குத்தான் அதில் பட்டை. உடைக்கு அவர்கள் ஹரகேகே என்ற உள்ளூர் நார்ச்செடிக்கு மாறி, முறுக்கிக் கட்டி நெய்யும் வேறொரு கலையையே உருவாக்கிக்கொண்டார்கள். அந்த நெசவுக்குத் தெய்வம் ஹினே-தெ-ஈவாய்வா. அவளுக்கும் நிலவோடு உறவு! ஹரகேகே வெட்டும்போது நடுக்குருத்தையும் அதை அணைத்து நிற்கும் இரண்டு இலைகளையும் தொடக் கூடாது. நடுவில் இருப்பது பிள்ளை, இருபுறமும் தாய் தகப்பன். இதையும் பிள்ளைகளுக்குக் கதையாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஹவாயில் கலை தோற்றது குளிரால் இல்லை, ஆலைத் துணியால். 1820-இல் மிஷனரிகள் வந்தார்கள், கப்பல்களில் பருத்தி வந்தது, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கட்டைச் சத்தம் அநேகமாக அடங்கிவிட்டது. ஹவாய்க் கப்பா மற்ற தீவுகளுடையதைவிட நுட்பமானது. ஒருமுறை அடித்துப் புளிக்கவைத்து, மறுபடி அடிப்பார்கள். கட்டையில் செதுக்கிய கோடுகள் துணிக்குள் நீர்க்குறிபோலப் பதியும், வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். 1970-களில் புவானானி வான் டார்ப் போன்றவர்கள் இதை மீட்க முனைந்தபோது, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அருங்காட்சியகத்துத் துண்டுகளையும் பழைய எழுத்துகளையும் வைத்து, செய்து செய்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அலெக்சாண்டர் ஷா என்பவர் 1787-இல் லண்டனில், குக்கின் மூன்று பயணங்களில் வந்த மரவுரிகளைத் துண்டு துண்டாக வெட்டிப் புத்தகமாக ஒட்டி விற்றார். ஒரு பிரதி மாதிரி இன்னொன்று இருக்காது. வெட்டியது கொடுமைதான். ஆனால் அந்தக் காலத்துக் கைவேலையைத் தொட்டுப் பார்க்க இன்று மிச்சமிருப்பவற்றில் அந்தத் துண்டுகளும் உண்டு.

ஆக்லாந்தில் இப்போது வேறு ஒரு சண்டை நடக்கிறது. இங்கே ஹியாப்போ சரியாக வளராததால், டோங்காப் பெண்கள் தையல்காரர்கள் காலருக்குள் வைக்கும் செயற்கைத் துணியை வாங்கி, அதன்மேல் மரபான சாயத்தால் அச்சு எடுக்கிறார்கள். இதற்கு ஙாத்து பெப்பா என்று பெயர். அடிக்கும் வேலை மொத்தமும் மிச்சம். இது ஙாத்துவே இல்லை என்று முகம் சுளிக்கும் கிழவிகளைப் பார்த்திருக்கிறேன். கூட்டமாக உட்கார்ந்து தேய்க்கிறோமே, அதுதானே முக்கியம் என்று வாதாடும் மருமகள்களையும் பார்த்திருக்கிறேன். நான் மருமகள்கள் பக்கம். அடித்து அடித்து வெறுத்துப்போய் நிலவுக்கே ஓடிய ஹினாவிடம் கேட்டிருந்தால், அந்தச் செயற்கைத் துணியை முழுச் சுருளாக வாங்கியிருப்பாள்.

ஓத்தாரா சனிக்கிழமைச் சந்தையில் இரண்டுமே கிடைக்கும். வாங்க நினைப்பவர்கள் ஒரு மூலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அசல் பட்டை என்றால் நார் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், அங்கங்கே ஓட்டைமேல் சின்னத் துண்டு ஒட்டியிருக்கும். அது குறை இல்லை, பேரம் பேசாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் உறையில் மட்டும் அடைக்க வேண்டாம், பூஞ்சை பிடித்துவிடும்.